அளவறிந்த அறிஞர் சுப்பாராவ்

நோய்க்கு மருந்து காண்டல் அரிது. உடலினுள் நுண்ணிய பொருள்களை அளந்தறிதலும் அத்துணை அரிது. இவ்விரு துறையிலும் சிறந்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர் அக்காலச் சென்னை மாகாணத்ததாகிய பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றகாலைக் கதராடை உடுத்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். உடன்பிறந்தார் ஒருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு இழந்த துயரும் அவர் நெஞ்சில் ஆறாதிருந்தது.

1922-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரடைந்து ஹார்வர்டிற் கற்றார். வயிற்றுப் பிழைப்பிற்காக இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்தார். 1925-இல் ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் கூடி, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை நிறத்தின் செறிவுகொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார்.

1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடம் புகுந்தார். அவர் தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பெற்றது. ஸ்ப்ரூவால் வரும் இரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று. அதன் பகைப்பொருளாகிய அமினோப்டெரினும் அக்கூடத்தே பிறந்தது. அதனை அளித்து, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலர் சின்னாள் நலமெய்தக் கண்ட செய்தியை டாக்டர் ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். அதன் வழித்தோன்றலே இன்றும் வழங்கும் மெத்தோட்ரெக்ஸேட்.

இம்மருந்தின் நன்மையும் தீமையும் அளவையே பற்றி நிற்பன. ஆரணியிற் பட்டுநூலுக்குச் சாயமிடும் தொட்டி யொன்றைக் கருதுக. அதில் ஒருபுறம் சாயம் இடையறாது சொட்ட, மறுபுறம் மெல்ல வெளியேறுமாயின், நிறம் ஏறுந்தோறும் வெளியேறும் சாயமும் மிகும். வரவும் செலவும் ஒத்தபின் நிறம் மாறாது நிற்கும். மனித உடல் அத்தொட்டி. இம்மருந்துக்குச் சிறுநீரகமே வாய்க்கால். தோலின்கீழ்ச் சிறு பொறியால் இன்சுலினை இடையறாது செலுத்துவார்க்கும் இத்தகைய கணக்கே துணையாவது. மெத்தோட்ரெக்ஸேட்டைப் பேரளவில் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மருத்துவர், இரத்தத்தில் அதன் அளவைப் பலகால் அளந்தறிவர். வாய்க்கால் அடைபடின் மருந்தே நஞ்சாம். அப்பொழுது உயிர் காப்பது ஃபோலினிக் அமிலம். அதுவும் ஃபோலிக் அமிலத்தின் இனமே! மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை உண்ணற்குரிய இம்மருந்தை அறியாது நாள்தோறும் உண்டு மாண்டாரும் உளர்.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில், சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தில் உயிர் நீத்தார். 1995-இல் இந்திய அரசு அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவ நண்பர்காள்! தேர்வுத்தாளின் மதிப்பெண் அவரை அளக்கவில்லை. ஆண்டவர் அளித்த தாலந்தை அவர் புதைத்து வைத்தாரல்லர். அவர் பெயரறியாக் குழந்தைகள் பலர் இன்று உயிர்வாழ்தலே அவரை அளக்குங்கோல்.