இருட்டுக்கு ஒரு கண்

இளைஞர்களே, நம்ம பாரிட் புந்தார் பக்கம் செம்பனைத் தோட்டத்துல ராத்திரி காட்டுப்பன்றி தேடிப் போறவங்க முன்னெல்லாம் நெற்றியில் டார்ச்லைட்டைக் கட்டிக்கிட்டுப் போவாங்க. இப்போ உடல்சூட்டைப் பார்க்கிற தொலைநோக்கி வந்துவிட்டது. கும்மிருட்டிலும் மிருகத்தின் உருவம் திரையில் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடிக்கும் இந்த வித்தைக்கு ஆரம்பத்தில் வழி போட்டவர்களில் ஒருவர் ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளை ஆராய்ந்தவர் என்று படித்திருப்போம். அதற்கு முந்தைய கதை இது.

1858 நவம்பர் 30-ஆம் தேதி, இன்று பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்து அதிகாரிகள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்புவாங்க. இவர் அப்பாவோ மகனை வங்காளப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் மகனும் வேலைக்காரர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். பறவை, மீன், மிருகம் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் அவருக்கு முதல் விஞ்ஞானப் பாடம்.

இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளைக்காரப் பேராசிரியரைவிட இவருக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு. சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

நல்ல ஆய்வுக்கூடமும் கிடையாது. சின்ன அறையில், உள்ளூர்த் தகரக் கொல்லரை வைத்துக் கருவிகள் செய்தார். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், கண்ணுக்குத் தெரியாத மின்னலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார்.

அடுத்துதான் நம்ம கதை. கலீனா என்ற ஈயக் கல்லில் மெல்லிய உலோக முனையைத் தொட வைத்தார். அதன்மேல் ஒளி பட்டால் மின்சாரம் மாறியது. நம் கண்ணுக்கு எட்டாத ஒளிக்கும் அது அசைந்து கொடுத்தது. செயற்கையாக ஒரு விழித்திரை செய்துவிட்டார்! விவேகானந்தரின் சீடர்களான நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால் 1901-இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29-இல் கிடைத்தது. ஆனால் அதைக் காசாக்க அவர் மனம் ஒப்பவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அதே ஈயமும் கந்தகமும் சேர்ந்த பொருளைக்கொண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் சூட்டைக் கண்டறியும் கருவிகள் செய்தார்கள். இன்றைய வேட்டைத் தொலைநோக்கியில் இருப்பது வேறு வகை உணரி. ஆனாலும் காணாத ஒளியைக் கல்லால் பிடிக்கலாம் என்று முன்பே காட்டியவர் போஸ்.

1917-இல் தன் பிறந்தநாளன்று ஓர் ஆய்வுக்கழகத்தைத் தொடங்கி, அதைக் கோயிலாகவே நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் பிள்ளை முன்னேறுமா என்று நம்ம வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள். இருட்டுக்கே கண் கொடுத்தவர் தாய்மொழிப் பள்ளியில் எழுத்துப் படித்தவர். அடுத்த தடவை யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்க.