அரசரின் மடல்

1942ஆம் ஆண்டு ஜூலை 18. போலந்து நாட்டின் வார்சா நகரில், நாஜிப் படையினர் யூதர்களை அடைத்து வைத்திருந்த மதிலுக்குள், ஆதரவற்ற குழந்தைகள் இல்லமொன்றில் நாடகம் அரங்கேறியது. நடித்தவர்கள் அவ்வில்லத்துப் பிள்ளைகள். நாடகமோ நம் இரவீந்திரநாத் தாகூர் வங்கமொழியில் எழுதிய 'அஞ்சலகம்'. அதனைத் தேர்ந்தவர் இல்லத்தின் தலைவர், மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்.

அவரது இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். இளமையில் இலக்கியப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டபோது, போலந்துப் புதினமொன்றின் கதைமாந்தர் பெயரைத் தழுவிப் புனைபெயர் சூடினார், அதுவே நிலைத்தது. கதையிலிருந்து பெயர் பெற்றவர், பின்னர்க் கதைகளாலேயே குழந்தைகளின் உள்ளத்தை எட்டினார்.

குழந்தை மருத்துவராக விளங்கிய அவர், ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா அம்மையாருடன் இணைந்து 1912 முதல் அவ்வில்லத்தை நடத்தினார். பிள்ளைகளே நடுவர்களாய் அமரும் நீதிமன்றம் அங்கு இருந்தது. கோர்ச்சாக்கும் அதன்முன் நின்றதுண்டு. 1923இல் 'முதலாம் மாட் அரசன்' என்னும் கதையை வெளியிட்டார். தந்தையை இழந்து சிறுவயதிலேயே முடிசூடும் மாட், குழந்தைகளுக்கென நாடாளுமன்றம் அமைக்கிறான். இறுதியில் தோற்று நாடு கடத்தப்படுகிறான். சிறுவர் கதைதானே என்று அவர் தோல்வியை மறைக்கவில்லை.

1940இன் இறுதியில் இல்லம் மதிலுக்குள் மாற்றப்பட்டது. பிள்ளைகளுக்குரிய உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டதை எதிர்த்துக் கேட்ட கோர்ச்சாக் சிறைப்பட்டார். விடுபட்டபின், உடல் தளர்ந்த நிலையிலும் ஏறத்தாழ 200 பிள்ளைகளுக்காக நாள்தோறும் அலைந்து உணவு திரட்டினார்.

அத்தகைய நாளில் நாடகம் எதற்கு? அமல் என்னும் சிறுவன் நோயுற்றவன். வெளியே செல்லலாகாது என மருத்துவர் தடுத்துவிட, சன்னலோரம் அமர்ந்து தயிர்க்காரர், காவலர், பூப்பறிக்கும் சிறுமி என வழிப்போவோர் அனைவரோடும் உரையாடுகிறான். எதிரே அரசரின் அஞ்சலகம் திறக்கப்படுகிறது. தனக்கும் ஒரு மடல் வருமெனக் காத்திருக்கிறான். முடிவில் அரச மருத்துவர் வந்து, அடைத்த கதவுகளையெல்லாம் திறக்கச் செய்கிறார். விண்மீன் ஒளியில் அமல் உறங்கிப் போகிறான்.

சாவை அஞ்சாது ஏற்கப் பழக்கவே கோர்ச்சாக் இந்நாடகத்தைத் தேர்ந்தார் என்பர். அது உண்மையாகலாம். ஆயினும், மதிலைத் தவிர வேறு காணாத அப்பிள்ளைகளுக்கு, அன்று அமலின் சன்னல் வழியே தயிர்க்காரரின் மலையடிவாரச் சிற்றூரும் ஆறும் செம்மண் சாலையும் தெரிந்தன என்பதையும் மறத்தலாகாது.

நான்கே நாள்களில், மதிலுக்குள் இருந்தோரைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கினர். தப்பிச் செல்ல நண்பர்கள் வழிசெய்ய முன்வந்தும் கோர்ச்சாக் பிள்ளைகளைப் பிரிய மறுத்தார். ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தொடர்வண்டியை நோக்கி நடந்தனர். கோர்ச்சாக்கும் ஸ்டெபானியாவும் உடன் நடந்தனர். அவர்கள் திரும்பவில்லை. அவ்வரிசையில் ஒரு பச்சைக் கொடி ஏந்திச் செல்லப்பட்டது என்பர். மாட் அரசன் உலகக் குழந்தைகளுக்கென விரும்பிய கொடியின் நிறம் அது.