இரட்டைமலை சீனிவாசனார்

கோயமுத்தூரில் ஒரு கலாசாலை. பள்ளிக்கு வெளியே ஒரு சிறுவன் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். தொடக்க மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவான். வகுப்புக் கலைந்ததும், பிற மாணவர் தன்னை எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வான்.

அவன் படிப்பில் வெறுப்புற்றவன் அல்லன். அங்குப் பயின்ற ஏறத்தாழ 400 பேரில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தோழமை கொண்டால் ஊரைக் கேட்பர், குடும்பத்தைக் கேட்பர். குலம் தெரிந்ததும் தாழ்வாக நடத்துவர் என்று அஞ்சினான். உடன் விளையாட இயலாத கொடுமையை எண்ணி எண்ணி அவன் உள்ளம் கலங்கியது. அச்சிறுவனே பின்னாளில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் எனப் புகழ்பெற்றவர்.

அவர் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூர். நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றியபின், 1890ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. பிறர் இழிசொல்லாக வழங்கிய பெயரையே தம் இதழின் முகப்பில் அச்சிட்டார்! தம்மை இன்னார் என வெளிப்படையாகக் கூற நாணும்வரை உரிமை கிட்டாது என்பது அவர் துணிபு. பள்ளியில் குலத்தை மறைத்து ஓடிய கால்களை நினைத்தால், இத்துணிவின் அருமை விளங்கும். நான்கு பக்கமும் இரண்டணா விலையுமாக வந்த அத்திங்கள் இதழ் விரைவில் வார இதழாயிற்று.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நிறத்தால் மனிதரைப் பிரிக்கும் நாடு அது. தாயகம் திரும்பிச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் அவருடைய தீர்மானம் 1924இல் நிறைவேறியது. தெருவில் நடப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது!

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். தீண்டாமை என்பது யாது என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வினவினார். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும், தாழ்ந்தவன் என்பதால் உயர்குலத்தான் எனப்படுபவன் அவனைத் தூக்கிவிட மாட்டான் என்று சீனிவாசனார் விளக்கினார். மன்னர் திடுக்கிட்டார்.

அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினத்தவர், தாம் பட்ட துயரை 1845இல் தம் கையாலேயே எழுதி வெளியிட்டார். சீனிவாசனாரும் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில் தம் வாழ்க்கையை எழுதினார். பட்டங்களும் பதவிகளும் பெற்றிருந்த அம்முதியவர், கோயமுத்தூரில் மணியோசைக்காகக் காத்திருந்த அச்சிறுவனை அந்நூலில் மறவாது குறித்திருக்கிறார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார்.