ரசிகமணி என்ற பெயரின் பொருத்தம்

இலஞ்சி என்னும் சொல்லுக்குப் பொய்கை என்றும் மகிழமரம் என்றும் பொருள் உண்டு. மகிழமாலை நம்மாழ்வாருக்கு உரியது. வகுளாபரணர் என்றே அவரைப் போற்றுகிறோம். தென்காசிக்கு அருகே அப்பெயர் தாங்கிய ஊரைக் கடந்து குற்றாலம் சென்ற அன்பர் பலர், முன்னொரு காலத்தில் அருவியில் மட்டுமன்றிக் கம்பன் கவியிலும் நீராடித் திரும்பினர். அதற்குக் காரணமாயிருந்தவர் டி. கே. சிதம்பரநாத முதலியார்.

ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த இவருக்குத் தென்காசியே சொந்த ஊர். சட்டம் பயின்றவர், 1930 முதல் 1935 வரை அறநிலைய ஆணையராகப் பணிபுரிந்தவர். திருநெல்வேலியில் இவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடிப் பாடல்களை அநுபவித்தனர்; அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்ற பெயர் நிலைத்தது. ராஜாஜியும் கல்கியும் இவருடைய நண்பர்கள். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியமர்ந்து, 1954ல் மறைந்தார்.

இவரை எச்சொல்லால் குறிப்பது? புலவர் என்றால், இலக்கண நுட்பங்களில் நின்றுவிட்டவரல்லர். சொற்பொழிவாளர் என்றால், மேடை முழக்கம் இவர் வழியன்று. ஒரு பாடலை எடுத்துப் பதம் பிரித்து நிதானமாகச் சொல்வார், மீண்டும் சொல்வார், அதன் பாவம் கேட்போர் நெஞ்சில் தானே மலர இடங்கொடுப்பார். ஆகவே ரசிகமணி என்ற பெயரே இவருக்கு நிலைத்தது. எடுத்துரைப்பதில் வல்லவருக்கு, சுவைப்பதில் வல்லவர் என்று பெயர்!

நம் சம்பிரதாயத்தவர்க்கு இதில் வியப்பில்லை. ஆழ்வார்களின் அருளிச்செயலை அநுபவ பரீவாஹம் என்கிறோம்: உள்ளே நிறைந்தது வழிந்து சொல்லாகிறது. திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிய நம்பிள்ளையைக் கந்தாடை தோழப்பர் லோகாசார்யர் என்று கொண்டாடினார். அது கேட்டு உய்ந்த உலகை நோக்கி எழுந்த பெயர். ரசிகமணி என்பது சொல்பவர் உள்ளத்தை நோக்கி எழுந்த பெயர்.

அப்பெயரே இவருடைய எல்லையையும் காட்டுகிறது. தம் ரசனைக்கு ஒவ்வாத கம்பராமாயணச் செய்யுள்கள் பலவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். புலவர்கள் இதைக் கண்டித்தனர். நம் பூர்வாசார்யர்களின் நெறி வேறு. பாடபேதம் கண்டால் இரண்டுக்கும் பொருள் அருளுவார்களேயன்றி, தம் சுவையை அளவுகோலாக்கிப் பாசுரத்தை விலக்கமாட்டார்கள். ரசனை நூலுக்குக் கட்டுப்பட்டே நிற்கவேண்டும்.

இன்று கடல் கடந்த நாடுகளிலும் உபந்யாஸங்களைக் கேட்கிறோம். நாவன்மை மிக்கவர் என்ற புகழ் எளிதில் கிடைக்கிறது. ஆனால் சொல்பவர் பாசுரத்தில் முதலில் தாம் ஆழங்காற்பட்டாரா என்பதே நாம் காணவேண்டியது. அதை நினைவூட்டுவதால் ரசிகமணி என்னும் சொல் நமக்கும் வேண்டிய சொல்லாகிறது. பாடத்தைப் பேணும் பணிவை நம் ஆசார்யர்களிடம் கற்போம்.