எங்கள் முன்விறாந்தைக்கு வந்த பாலசந்தர்

கே. பாலசந்தர் காலமாகிப் பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. சினிமா எழுத்தாளர்கள் அவரை நினைவுகூரும்போது ரஜினிகாந்தையும் கமல்ஹாசனையும் வளர்த்தெடுத்தவர் என்று தொடங்குவார்கள். சிலாபத்தில் எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கு அவர் முதலில் சீரியல்காரர். பிறகுதான் படக்காரர். இன்றைய சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார், எந்த நடிகை இடையில் விலகிப் போனார் என்று தொடங்கும் பேச்சு எப்படியோ சுற்றி வளைத்துக் கீதா நடித்த ‘கையளவு மனசு’க்கும், அங்கிருந்து சுஜாதா நடித்த ‘அவள் ஒரு தொடர்கதை’க்கும் வந்துவிடும். முப்பது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனிதரின் வாழ்க்கையை நான் தேடிப் படித்தேன்.

1930ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நன்னிலத்துக்கு அருகே நல்லமாங்குடியில் பிறந்தவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1949இல் பட்டம் பெற்றார். கொஞ்சக் காலம் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியர். 1950இல் சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் என்று சொல்லப்படும் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அதன் பிறகு பல வருடங்கள் பகலில் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, மாலையில் நாடகம். ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழுவை வைத்துக்கொண்டு ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘மெழுகுவர்த்தி’ என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேற்றினார். மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு அந்தப் பட்டம் சாகும்வரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாகேஷுக்கு அழவும் தெரியும் என்று சென்னை சபாக்களுக்குக் காட்டியதும் இந்த நாடகங்கள்தான்.

சபா நாடகம் என்றால் ஒரு கூடம், நாலு நாற்காலி, உள்ளே போக ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. யார் எந்தக் கதவால் எப்போது வருகிறார் என்பதில்தான் கதை இருக்கும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இருபத்தைந்து வருடம் கழித்து பாலசந்தர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பெரிய திரையின் மேதை சின்னத் திரைக்கு இறங்கிவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொடங்கிய கூடத்துக்கே திரும்பி வந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வகைக் கதையின் பிறப்பிடம் அமெரிக்க வானொலி. சிகாகோவைச் சேர்ந்த இர்னா பிலிப்ஸ் என்ற பெண் 1930இல் அங்கே ஒரு வானொலி நிலையத்துக்காக எழுதத் தொடங்கிய பகல்நேரத் தொடர்தான் முன்னோடி என்கிறார்கள். அவரும் பள்ளி ஆசிரியையாக இருந்து நாடகத்துக்கு வந்தவர். பகலில் வீட்டில் வேலை செய்துகொண்டே கேட்கும் பெண்களுக்கு விற்க வேண்டியது சவர்க்காரம். அதனால் கதைக்குச் செலவழித்தவர்களும் சவர்க்காரக் கம்பனிக்காரர்கள். அப்படித்தான் சோப் ஒபேரா என்ற கிண்டல் பெயர் வந்தது. 1937இல் இர்னா வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’, பின்னர் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை ஓடியது. 72 வருடம்! எங்கள் பக்கம் உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை கூட 18 நாளில் தீமிதிப்போடு முடிந்துவிடும்.

பாலசந்தரின் சினிமாப் பயணத்தை வேகமாகவே சொல்லிவிடலாம், தெரியாதவர் குறைவு. 1964இல் எம்.ஜி.ஆரின் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம். 1965இல் ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநர். ‘பாமா விஜயம்’, ‘எதிர்நீச்சல்’, ‘இரு கோடுகள்’ என்று நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவையே கதையாக்கினார். ஏ.ஜி. ஆபீஸ் கணக்கு வீண்போகவில்லை. 1973இல் ‘அரங்கேற்றம்’ வந்தது. பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைப் பிராமணக் குடும்பம், அதைக் காப்பாற்றத் தன் உடலை விற்கும் மூத்த மகள். படத்துக்குக் கடும் எதிர்ப்பு. அதற்கு அடுத்த வருடம்தான் ‘அவள் ஒரு தொடர்கதை’.

இந்தப் படத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கவிதா என்ற பெண் அலுவலகத்துக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள். தகப்பன் சன்னியாசம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். அண்ணன் குடிகாரன், வேலையில்லை, ஆனால் மனைவியும் பிள்ளைகளும் உண்டு. விதவையான ஒரு சகோதரி, பார்வையற்ற ஒரு தம்பி, தாய். அத்தனை பேரும் அவள் சம்பளத்தில். அவளுடைய காதலன் அந்த விதவைச் சகோதரியை விரும்பிவிட, இவள் விட்டுக்கொடுக்கிறாள். பிறகு ஒரு நல்ல வாய்ப்பு வருகிறது. அண்ணனும் திருந்திவிடுகிறான். இனி வீட்டை அவன் பார்த்துக்கொள்வான், தான் கல்யாணம் செய்து போகலாம் என்று நினைக்கும் நேரத்தில் அண்ணன் கொல்லப்படுகிறான். மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, படத்தின் தொடக்கத்தில் எப்படி வேலைக்குப் போனாளோ அப்படியே மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

கவிதாவாக நடித்த சுஜாதா 1952இல் காலியில் பிறந்தவர். பெற்றோர் மலையாளிகள். பிள்ளைப் பருவம் இங்கேதான் கழிந்தது. சில மலையாளப் படங்களில் நடித்துவிட்டு வந்தவருக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம். எங்கள் ஒழுங்கையில் இதை ஒரு குடும்பப் பெருமை போலச் சொல்வார்கள். பாலசந்தர் தெலுங்கில் இதையே ‘அந்துலேனி கதா’ என்று 1976இல் எடுத்தபோது ஜெயப்பிரதா நடித்தார். இந்தியில் ரேகா, கன்னடத்தில் சுஹாசினி. யார் நன்றாகச் செய்தார் என்று கேட்டால் சிலாபத்தில் விடை ஒன்றுதான். மற்ற மூன்றையும் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் இந்தப் படம் எங்கள் ஊரில் இவ்வளவு ஆழமாக இறங்கியது? என் சின்னம்மாவைச் சொன்னால் புரியும். 1980களின் கடைசியில் அவர் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனார். இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கடலில் மீன் குறைந்தால், கணவன் குடித்தால், தங்கைக்குச் சீதனம் சேர வேண்டுமென்றால் ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு எடுத்தார்கள். 1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது சின்னம்மா ஜோர்தான் வழியாக ஒரே ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தார். இனிப் போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருடமே சவூதிக்குப் போனார். வீட்டுக்குக் கூரை போட்டிருந்தது, கதவு போடவில்லை. கதவு போட்டபோது சித்தப்பாவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஐந்து முறை.

சின்னம்மா இல்லாத வருடங்களில்தான் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பெருத்தது. அந்தப் பெட்டியும் அவர் கொண்டுவந்ததுதான். ரூபவாஹினியில் ‘தூ தருவோ’ போன்ற சிங்கள நாடகங்களை அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் சேர்ந்து பார்ப்பார்கள். இங்கே பாதிக் குடும்பங்களுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழி. தமிழ் சீரியல் முதலில் வீடியோ நாடாவாக வந்தது. 1998இல் சக்தி டிவி தொடங்கிய பிறகு நேரடியாகவே வரத் தொடங்கியது. ‘கையளவு மனசு’ எங்களுக்கு நாடாவில்தான் வந்தது. முதல் பகுதி இல்லாமல், நடுவில் ஒரு நாடா காணாமல் போய்.

பாலசந்தர் தொலைக்காட்சிக்கு வந்தது 1990இல், தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘ரயில் சிநேகம்’ மூலம். சன் டிவி 1993இல் தொடங்கிய பிறகு தனியார் சேனல்கள் பெருகின. அவரும் ‘கையளவு மனசு’, ‘காதல் பகடை’, ‘பிரேமி’, ‘ஜன்னல்’ என்று தொடர்ந்து செய்தார். மகன் பாலகைலாசம் நடத்திய மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்மதேசம்’ போன்ற தொடர்களைத் தயாரித்தது. ‘கையளவு மனசு’ நோயில் விழுந்த ஒரு தாயின் கதை. தான் போன பிறகு பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்று, உயிரோடு இருக்கும்போதே அவர்களை வேறு வேறு வீடுகளில் சேர்க்கப் பார்க்கிறாள்.

எங்கள் விறாந்தையில் அந்த நாடா ஓடிய நாட்களை நான் மறக்கமாட்டேன். பிள்ளைகளை ஒரு தாய் கொடுக்கலாமா என்பதில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கீதா கல்நெஞ்சுக்காரி என்று ஒரு கட்சி. வேறு என்ன செய்வாள் என்று மறு கட்சி. சின்னம்மாவின் பிள்ளைகள் இரண்டும் அதே பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. யார் எந்தப் பக்கம் பேசினாலும் கடைசியில் குரல் தணிந்துவிடும்.

பிறகுதான் கவனித்தேன், பாலசந்தர் இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யிலும் சிந்து தான் பெற்ற பிள்ளையைப் பைரவியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். சுஹாசினிக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த வேடம் அது. படம் அங்கே முடிந்தாலும் பார்த்தவர்களுக்கு முடியவில்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனது, சிந்து திரும்பி வந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். 2003இல் ஜெயா டிவிக்காக அந்தக் கதையைத் தொடர்ந்து ‘சஹானா’ என்ற சீரியலாக எடுத்தார். தொட்டிருக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. எனக்கும் அப்படித்தான். சிந்து போன பிறகு அந்த வீட்டில் விழுந்த அமைதியை வசனத்தால் நிரப்பத் தேவையில்லை.

ஆள் தெரிவில் மட்டும் அவரோடு சண்டை பிடிக்க ஆளில்லை. ஆள் மாறினால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஓர் அறிவிப்பு போட்டுவிட்டு, நேற்றுவரை ஒருத்தியாக இருந்த மருமகளை இன்று வேறொருத்தியாகக் காட்டும் இன்றைய சீரியல்களைப் பார்த்து எங்கள் பெண்கள் சிரிப்பார்கள். பாலசந்தரின் தொடர்களில் முகத்துக்கும் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு பிடிப்பு. ரேணுகாவை இன்னும் பிரேமி என்றுதான் சொல்கிறார்கள். மாளவிகா அவினாஷ் எங்கே வந்தாலும் அண்ணி. ‘டூயட்’ படத்தில் அவர் தமிழுக்குக் கொண்டுவந்த பிரகாஷ்ராஜை, ‘கையளவு மனசு’ பார்த்த வீடுகளில் வில்லன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அவருடைய பாத்திரங்கள் அளவுக்கு மீறிப் பேசும். எல்லோரும் ஒரே மாதிரிக் கெட்டிக்காரத்தனமாகப் பேசும். ஏதாவது ஒரு பொருளைக் காட்டி அதற்கு அர்த்தம் சொல்லும் பழக்கம் சில இடங்களில் எரிச்சலூட்டும். பெரிய குறை வேறு. துணிந்த பெண்களைப் படைத்துவிட்டு, கடைசியில் தியாகம் என்ற ஒரே கதவால் வெளியே அனுப்பிவிடுவார். கவிதாவுக்கு அந்தக் கல்யாணத்தைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அம்மா இப்போதும் கேட்பார்.

அவருடைய நூறாவது படமான ‘பார்த்தாலே பரவசம்’ 2001இல் வந்து ஓடாமல் போனது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. ‘அண்ணி’, ‘சஹானா’ எல்லாம் அதற்குப் பிறகுதான். 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தபோது வயது எண்பது. அதன் பிறகும் ரேணுகாவை வைத்து ‘அமுதா ஒரு ஆச்சரியக்குறி’ என்ற தொடரைக் கலைஞர் டிவிக்காகச் செய்தார். 2014 ஓகஸ்ட் 15 அன்று மகன் கைலாசம் இறந்தார். நாலு மாதம் கழித்து, டிசம்பர் 23 அன்று, தனது 84ஆவது வயதில் அவரும் போய்விட்டார். இர்னா பிலிப்ஸ் இறந்ததும் ஒரு டிசம்பர் 23தான், 1973இல்.

சிலாபத்தில் அப்போது நத்தார் வேலை. மாதா கோயில் பக்கம் எல்லாம் மின்குமிழ்ச் சோடனை, மதில்களில் ஜனாதிபதித் தேர்தல் சுவரொட்டிகள். சின்னம்மா ஐந்தாவது பயணம் முடிந்து நிரந்தரமாக வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நத்தார் முடிந்த கிழமையில் அவருடைய மகன் கைத்தொலைபேசியில் ‘அவள் ஒரு தொடர்கதை’யைத் தேடிப் போட்டுக் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து பார்த்தார். கல்யாண ஏற்பாடு நடந்து, வீட்டில் எல்லோரும் சிரிக்கும் இடம் வந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சம் வேண்டாம் என்று எழுந்து நண்டுக் கறியைப் பார்க்கப் போய்விட்டார்.