கொதிகலன் பட்டறைக்குப் போன டாக்டர்

மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஸ்கேன் அறையிலேயே காலம் தள்ளிய எனக்கு இயன் டொனால்டைத் தவிர வேறு யார் நினைவுக்கு வருவார்கள்?

1970களில் நான் கோரிமேட்டில் படித்தபோது, மண்ணீரல் வீக்கம்னா தட்டிப் பார், அழுத்திப் பார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு படிந்த வளையம் தெரிந்தால் அதிர்ஷ்டம். உள்ளே வெறும் நீரா, சதையா, நாயிடமிருந்து தொற்றும் நாடாப்புழுவின் ஹைடாடிட் கட்டியா என்பது வயிற்றைத் திறந்தால்தான் உறுதி. ஹைடாடிட் என்று தெரியாமல் ஊசி குத்தினால் நீர் கசிந்து ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். புழுவின் வித்துகள் சிதறிப் புதுக் கட்டிகளும் முளைக்கலாம்.

இந்த இருட்டில் விளக்கேற்றியவர் டொனால்டு. 1910இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் பட்டம், லண்டனில் மருத்துவம். உலகப் போரின்போது விமானப்படையில் டாக்டர். ராடார், சோனார் எல்லாம் அங்கே அறிமுகம். 1954இல் கிளாஸ்கோவில் மகப்பேறு பேராசிரியர் ஆனார்.

1955 ஜூலையில் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை அவற்றின்மீது வைத்தால் நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, சதைக்கட்டிக்கு வேறு மாதிரி. கேலி பேசியவர்கள் உண்டு. டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினீயர் கைகொடுத்தார். வயிற்றுப் புற்று முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று கருவி காட்டியது. எடுத்தார்கள், பிழைத்தார். 1958இல் லான்செட்டில் கட்டுரை வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது.

பிறகு, நம்ம ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட துனீசியாவைச் சேர்ந்த கர்பி, 1981இல் கல்லீரல் ஹைடாடிட்டை ஸ்கேன் தோற்றத்தை வைத்து ஐந்தாகப் பிரித்தார். மண்ணீரலிலும் அதே அடையாளங்கள்தான்: தாய்க்கட்டிக்குள் குட்டிக்கட்டிகள், அல்லி இலை போல நீரில் மிதக்கும் சவ்வு. இதைப் பார்த்துவிட்டால் யாரும் அவசரப்பட்டு ஊசி எடுக்க மாட்டார்கள். மண்ணீரலைக் காப்பாற்ற முடியுமா என்றும் முன்கூட்டியே யோசிக்கலாம்.

இதய நோயால் பலமுறை அறுவைக்கு உள்ளாகியும் உழைத்த டொனால்டு 1987இல் மறைந்தார்.

தம்பிகளா, தங்கைகளா, அவர் விடை தேடிப் போனது நூலகத்துக்கு அல்ல, பட்டறைக்கு. பேராசிரியர் என்ற கௌரவம் அவரைத் தடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கு விடை வார்டுக்கு வெளியே இருந்தால், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.