துப்பாக்கியின் ஒரு சின்னத் துளை... வெப்பத்தின் ரகசியத்தைத் தொட்ட உளவாளி: யார் இந்த ரம்ஃபோர்டு?

1778-ம் ஆண்டு கோடைக்காலம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு பெரிய மாளிகை. அமெரிக்க விடுதலைப் போரை லண்டனில் இருந்தபடி நடத்திக்கொண்டிருந்த அமைச்சர் ஜார்ஜ் ஜெர்மெயினுடையது. அந்த மாளிகையில் 25 வயது இளைஞர் ஒருவர், துப்பாக்கிக் குழலை ஊஞ்சல் மாதிரி கம்பியில் தொங்கவிட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று அளந்து குறித்துக்கொண்டார்.

அவர் பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். பின்னாளில் கவுன்ட் ரம்ஃபோர்டு. அவர் விடை தேடிய கேள்விகளில் ஒன்று, கேட்டால் ரொம்பச் சாதாரணமாகத் தெரியும்: துப்பாக்கியில் தீ உள்ளே போகும் துளை எங்கே இருக்க வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துத் துப்பாக்கியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி போலவே, குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்துக் கம்பியால் இடிப்பார்கள். குழலின் அடிப்பக்கம், வெளியே ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும், கிண்ணத்து மருந்து பற்றும், அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்தும். துளையின் அகலம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான்.

ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் எல்லாச் சிக்கலும். துளை சின்னதாக இருந்தால் கரி அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் மட்டும் புஸ்ஸென்று எரிந்து குண்டு வெளியே வராது. போர்க்களத்தில் இதற்கு அர்த்தம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சிப்பாய்கள் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய ஒரு கம்பியைக் கூடவே வைத்திருந்தார்கள். சரி, பெரிதாக்கிவிடலாமே என்றால், குண்டைத் தள்ள வேண்டிய வாயுவில் ஒரு பங்கு துளை வழியாகவே வெளியேறிவிடும். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் தீ பீய்ச்சும். அதோடு, சுடச்சுடத் துளை தானாகவே அரித்துப் பெரிதாகிக்கொண்டும் போகும்.

மருந்தின் அளவிலும் இதே குழப்பம். அதிக மருந்து போட்டால் அதிக வேகம் என்றுதான் தோன்றும். சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞர் அதே காலத்தில் பீரங்கிகளைச் சுட்டுப் பார்த்து வேறொன்றைச் சொன்னார். மருந்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். மீதிச் செலவு துப்பாக்கிக்கும் தோளுக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி பெஞ்சமின் ராபின்ஸ். குண்டின் வேகத்தை ஊசல் வைத்து முதன்முதலில் அளந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் பொறியாளராக நம் ஊருக்கு வந்து, 1751-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். குண்டு நகர ஆரம்பிப்பதற்கு முன்பே மருந்து முழுவதும் எரிந்து வாயுவாகிவிடும் என்று வைத்துக்கொண்டுதான் அவர் கணக்குப் போட்டார்.

தாம்ப்சனுக்கு அதில் சந்தேகம். தீ பற்றும் இடத்தைக் குழலின் அடியிலும், கொஞ்சம் முன்னே தள்ளியும் மாற்றி மாற்றிச் சுட்டார். துப்பாக்கி செய்பவர்கள் பெரிதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. அவருக்குக் கிடைத்த விடை: துளை எங்கே இருந்தாலும் குண்டின் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கருமருந்து ஒரே நொடியில் மொத்தமாக எரிவதில்லை, நேரம் எடுத்துக்கொண்டு எரிகிறது என்றும் அவர் வாதிட்டார். முடிவுகள் 1781-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

அமைச்சர் வீட்டுக்கு இவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது தனிக் கதை. 1753-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வோபர்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கடையில் எடுபிடி. 19 வயதில் தன்னைவிட மூத்த, வசதியான ஒரு விதவையைத் திருமணம் செய்தார். வாழ்க்கை ஒரே இரவில் மாறியது. ஆனால் ஆங்கிலேயருக்குத் துணை போகிறார் என்று ஊர் சந்தேகப்பட்டது. 1774-ல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத் தப்பி ஓடினார். கடைசியில் அந்த மனைவியை நிரந்தரமாகவே பிரிந்தார்.

ஊரார் சந்தேகப்பட்டது தப்பா? இல்லை. 1775-ல் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிய உளவுக் கடிதம் ஒன்று, ஆங்கிலத் தளபதி கேஜின் ஆவணங்களில் கிடைத்தது. எழுதியவர் தாம்ப்சன்தான் என்று ஆய்வாளர்கள் சொன்னபோது, அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் படை அதிகாரியாக லாங் ஐலண்டு போனவர், அங்கே கல்லறைத் தோட்டத்தில் கோட்டை கட்டினார். கல்லறைக் கற்களை ரொட்டி அடுப்புக்குப் பயன்படுத்தியதாகவும், ரொட்டியில் இறந்தவர்களின் பெயர் பதிந்து வந்ததாகவும் அந்த ஊரில் இன்றும் கதை உண்டு. மனிதர்களிடம் இப்படி நடந்துகொண்டவர், அளவுகளிடம் மட்டும் அத்தனை நேர்மையாக இருந்தார் என்பதுதான் விசித்திரம்.

அந்த நேர்மைக்கு ஒரு சாட்சி 1778 சோதனையிலேயே இருக்கிறது. சுட்டு முடித்ததும் குழலைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். குண்டு போட்டுச் சுட்டால் சூடான வாயு அதிக நேரம் உள்ளே அடைபட்டிருக்கும், அதனால் குழலும் அதிகம் சுட வேண்டும், இல்லையா? நடந்தது நேர் எதிர். குண்டு இல்லாமல் வெறும் மருந்தை வெடித்தபோதுதான் குழல் அதிகம் சுட்டது.

வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று விஞ்ஞானிகள் பலர் நம்பிய காலம் அது. அதற்கு ‘கலோரிக்’ என்று பெயரிட்டவர் பிரான்ஸின் லவாய்சியர். அதே மருந்து, அதே குழல் என்றால் வெப்பமும் ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? இன்று பதில் எளிது: குண்டு இருந்தால் ஆற்றலில் ஒரு பங்கு அதைத் தள்ளுவதில் போய்விடும். தாம்ப்சனிடம் இந்தப் பதில் இல்லை. ஆனாலும், பொருந்தாத அந்த அளவை அவர் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

அடுத்து பவேரியா. 1780-களின் நடுவில் மியூனிக் போனவர், படையைச் சீர்திருத்தினார், பிச்சைக்காரர்களைப் பிடித்து வேலை கொடுத்தார், மலிவான சூப் கண்டுபிடித்தார், இன்றும் இருக்கும் ஆங்கிலப் பூங்காவை அமைத்தார். ரம்ஃபோர்டு பிரபு பட்டமும் கிடைத்தது. ரம்ஃபோர்டு என்பது அவர் கைவிட்டு ஓடிய மனைவி வாழ்ந்த ஊரின் பழைய பெயர்!

1793-ல் மறுபடியும் துளைப் பிரச்சினைக்கு வந்தார். மருந்தின் முழு பலத்தையும் அளக்க வேண்டுமென்றால் துளையே இருக்கக் கூடாது. அதனால் கால் அங்குல உள்விட்டம் கொண்ட குட்டிக் குழல் ஒன்றை முழுக்க மூடினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வெளியிலிருந்தே சுவரைச் சூடாக்கி உள்ளே மருந்தைப் பற்றவைத்தார். குழல்வாயை அழுத்த மூன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ள பீரங்கியை மேலே ஏற்றினார். அழுத்தம் 50 ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல் என்று அவர் போட்ட கணக்கு ரொம்ப அதிகம். 1870-களில் நோபிளும் ஏபெலும் அளந்தபோது 6,000 சொச்சம்தான் வந்தது.

பீரங்கி வார்ப்பாலையில் பார்த்த இன்னொரு விஷயம் அவரை விடவில்லை. குழல் துளையிடும்போது உலோகம் அநியாயத்துக்குச் சூடாகிறது. வேண்டுமென்றே மழுங்கிய துளைகருவியைப் பொருத்தி, பீரங்கி உலோகத்தைச் சுமார் எட்டரை லிட்டர் தண்ணீருக்குள் வைத்து, குதிரைகளைப் பூட்டிச் சுற்றவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. தீயே இல்லாமல்! உரச உரச வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். கலோரிக் கொள்கை உடனே சாகவில்லை. ஜூல் வந்து கணக்குப் போட இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1805-ல் அவர் மறுமணம் செய்துகொண்டார். மணமகள், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட லவாய்சியரின் மனைவி மேரி. அந்த லவாய்சியர், பிரான்ஸின் வெடிமருந்து உற்பத்தியையும் கவனித்தவர். முதல் கணவரின் பெயரை விட்டுக்கொடுக்க மேரி சம்மதிக்கவில்லை. வீட்டில் ஓயாத சண்டை. ஒருநாள் மேரி அழைத்த விருந்தினர்களை உள்ளே விடாமல் ரம்ஃபோர்டு வெளிக்கதவைப் பூட்டிவிட, பதிலுக்கு அவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகளின் மேல் மேரி கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். மகளுக்கு எழுதிய கடிதத்தில் ரம்ஃபோர்டே இதைச் சொல்லியிருக்கிறார். 1809-ல் இருவரும் பிரிந்தார்கள். 1814 ஆகஸ்ட் 21 அன்று, பாரிஸை ஒட்டிய ஓதேயில் அவர் இறந்தார்.